ஸ்பீடு இருக்கு, லேக்கும் இருக்கு: ரூட்டருக்குள் நிற்கும் வரிசை

திருப்பரங்குன்றத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் போன வாரம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். அவரிடம் நல்ல கம்ப்யூட்டர் இருக்கிறது, உசிலம்பட்டியிலும் மேலூரிலும் இருக்கிற நண்பர்களிடம் பழைய லேப்டாப்தான். அதனால் கேம் விற்கும் தளமான ஸ்டீமில் உள்ள ரிமோட் பிளே டுகெதர் வசதி வழியாக, கேம் இவர் கம்ப்யூட்டரில் ஓட, படம் மட்டும் அவர்களுக்குப் போக, மூன்று பேரும் சேர்ந்து விளையாடுகிறார்கள். முதல் கால் மணி நேரம் வெண்ணெய் மாதிரி போகுமாம். அப்புறம் திடீரென்று உசிலம்பட்டி நண்பர் தாவு பட்டனை அழுத்தினால் அரை நொடி கழித்துத்தான் அவருடைய ஆள் தாவுகிறான், அதற்குள் பள்ளத்தில் விழுந்தாயிற்று. "ஸ்பீடு டெஸ்ட் போட்டால் டவுன்லோடு 100, அப்லோடு 20 எம்பிபிஎஸ் காட்டுது சார், இதுக்கு மேல என்ன வேணும்?" என்று முடித்திருந்தார்.

தம்பி, உங்களுக்கு ஸ்பீடு போதும். உங்கள் வீட்டில் ஒரு வரிசை நிற்கிறது, அது எங்கே நிற்கிறது என்று யாரும் உங்களுக்குக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

முதலில் சாதாரணக் காரணங்களை வேகமாகத் தள்ளிவிடுவோம். உங்கள் திரையில் ஓடும் படம் 1920க்கு 1080 புள்ளிகள், ஒவ்வொரு புள்ளிக்கும் 24 பிட், நொடிக்கு 60 தடவை. பெருக்கிப் பாருங்கள், நொடிக்கு ஏறக்குறைய 300 கோடி பிட் வரும். இதை 6 எம்பிபிஎஸ்ஸுக்குள் (நொடிக்கு 60 லட்சம் பிட்), அதாவது ஐநூறில் ஒரு பங்காகச் சுருக்கி அனுப்புகிறோம். சுருக்கும் வேலையைக் கிராபிக்ஸ் கார்டில் அதற்கென்றே இருக்கும் பகுதி செய்யட்டும், பிராசஸரின் தலையில் கட்ட வேண்டாம். திரையைப் பதிவு செய்து ஒளிபரப்பும் மென்பொருளான ஓபிஎஸ்ஸைப் பயன்படுத்துகிறவர்கள் அதன் புள்ளிவிவரப் பலகையைத் திறந்தால், வரைய முடியாமல் போன ஃபிரேம், சுருக்க முடியாமல் போன ஃபிரேம், நெட்டில் அனுப்ப முடியாமல் போன ஃபிரேம் என்று மூன்று எண்கள் தனித்தனியாக இருக்கும். முதல் இரண்டு ஏறினால் கம்ப்யூட்டரைப் பாருங்கள், மூன்றாவது ஏறினால் நெட்டைப் பாருங்கள். இதைப் பார்க்காமலே ஆயிரக்கணக்கில் செலவழித்து ரேம் வாங்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

அப்புறம் வைஃபை. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மாசி வீதிப் பக்கம் மாதிரி வீட்டோடு வீடு ஒட்டிய இடத்தில் பத்துப் பதினைந்து ரூட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே கிடந்தால் ஒவ்வொன்றும் மற்றது முடிக்கட்டும் என்று காத்திருக்கும். கேம் ஓடுகிற கம்ப்யூட்டருக்கு ஒரு கேபிளை இழுத்து விடுங்கள், இந்தத் தலைவலி பாதிக்கு மேல் தீரும். ரூட்டர் மேல் "கதிர்வீச்சுத் தடுப்பு" ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அதைக் கிழித்துப் போடுங்கள். ரூட்டர் வேலை செய்வதே அந்த ரேடியோ அலையில்தான். ஸ்டிக்கர் அதை நிஜமாகவே தடுத்தால் உங்கள் வைஃபை கெடும், தடுக்காவிட்டால் உங்கள் காசு போனது. படித்தவர்கள் வீட்டிலேயே இதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

கேபிள் போட்டும், சுருக்கம் சரியாக இருந்தும் கால் மணி நேரம் கழித்து லேக் வருகிறது என்றால் அங்கேதான் விஷயம் இருக்கிறது. எங்கள் வீட்டில் இதே நடந்தது. சித்ரா பௌர்ணமி அன்று அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்த்துவிட்டு அக்கா வீட்டுக்கு வந்தாள். போன் நிறைய வீடியோ. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே போன் வைஃபையில் சேர்ந்துகொண்டு, யாரும் சொல்லாமலே அத்தனை வீடியோவையும் மேகத்துக்கு, அதாவது கிளவுடுக்கு, ஏற்ற ஆரம்பித்துவிட்டது. அந்த நிமிஷத்திலிருந்து உள்ளே அவள் மகன் விளையாடிக்கொண்டிருந்த கேம் இழுத்தது. அக்கா போனை நோண்டவே இல்லை, அது மேஜை மேல் கிடந்தது, அதனால் யாருக்கும் அதன் மேல் சந்தேகமே வரவில்லை.

சரி, ஒரு போன் வீடியோ ஏற்றினால் கேம் ஏன் அரை நொடி பிந்த வேண்டும்? பாதியைப் போன் எடுத்துக்கொண்டால் மீதிப் பாதியில் கேம் போக வேண்டியதுதானே?

நம் பக்கத்துக் கண்மாய் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள், மாடக்குளம் கண்மாய் என்றே வையுங்கள். வரத்துக்காலில் தண்ணீர் எப்படி வேண்டுமானாலும் வரும், மடை வழியாக அளவாகத்தான் வெளியே போகும், நிரம்பினால் கலுங்கில் வழிந்து ஓடும். ரூட்டரும், வெளி லைன் வந்து சேரும் மோடமும் இப்படித்தான் கட்டப்பட்டிருக்கின்றன. வீட்டுக்குள்ளிருந்து டேட்டா சின்னச் சின்னப் பொட்டலங்களாக வருகிறது. வெளியே போகும் மடை 20 எம்பிபிஎஸ்தான். அதற்கு மேல் வந்தால் உள்ளே ஒரு நினைவகத்தில் தேங்குகிறது, அதற்குப் பெயர் பஃபர். பஃபரும் நிரம்பினால் அடுத்து வரும் பொட்டலம் கீழே போடப்படுகிறது, அதுதான் கலுங்கு.

தண்ணீரைத் தேக்கினால் ஊருக்கு நல்லது, இரண்டு மாதம் கண்மாயில் கிடந்தாலும் தண்ணீர் தண்ணீர்தான். தாவு பட்டனை அழுத்திய செய்தியோ, தாவியதைக் காட்டும் படமோ அரை நொடி கிடந்தால் செத்த செய்தி. அதுமட்டுமல்ல, பஃபரில் முதலில் வந்தது முதலில் போகும். அக்காவின் வீடியோ பொட்டலங்கள் முன்னால் ஆயிரம் நிற்கும்போது கேமின் பொட்டலம் வாலில் போய் நிற்க வேண்டும்.

கணக்குப் போடலாம். பஃபர் 1 மெகாபைட் என்று வைத்துக்கொள்வோம், அது 80 லட்சம் பிட். மடை நொடிக்கு 2 கோடி பிட். முழுப் பஃபரும் வடிய 0.4 நொடி, அதாவது 400 மில்லிநொடி ஆகும். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. மதுரையிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்ப அதற்கு 5 மில்லிநொடி அளவுதான் ஆகும். சென்னைக்குப் போய் வர 5, வீட்டு ஹாலிலிருந்து வாசலைத் தாண்ட 400. உசிலம்பட்டிக்காரர் தூரத்தில் இருப்பதால் லேக் வரவில்லை.

பஃபர் நிரம்பாமல் இருக்கக் கூடாதா? இங்கேதான் நெட் ஓடுகிற விதமே குறுக்கே வருகிறது. போனுக்கு லைன் எவ்வளவு அகலம் என்று தெரியாது. அது கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும், ஏதாவது பொட்டலம் தொலைந்தால்தான் "நெரிசல் போலிருக்கிறது" என்று புரிந்துகொண்டு குறைக்கும். இந்த ஒழுங்கு 1980களில் வந்தது. 1986 அக்டோபரில் அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பக்கத்துப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே, வெறும் 400 கஜ தூரத்துக்கு, நெட் வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. எல்லாரும் நெரிசல் தெரியாமல் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருந்ததுதான் காரணம். அந்த ஆய்வகத்தைச் சேர்ந்த வான் ஜேக்கப்சன் அதை ஆராய்ந்து 1988ல் சொன்ன தீர்வில்தான் நெட் இன்று வரை நிற்கிறது: பொட்டலம் தொலைந்தால் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு வேகத்தைக் குறை. ஆனால் அப்புறம் மெமரி விலை இறங்கிப்போனது, "ஒரு பொட்டலம் கூடத் தொலையக் கூடாது" என்று ரூட்டர் செய்கிறவர்கள் பஃபரைப் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். பொட்டலம் தொலையாததால் எச்சரிக்கையும் போகவில்லை, போனும் குறைக்கவில்லை. 2010ல் ஜிம் கெட்டிஸ் என்ற அமெரிக்க மென்பொருள் வல்லுநர் தன் வீட்டிலிருந்து பெரிய ஃபைல் ஒன்றை அனுப்பும்போது தாமதம் ஒரு நொடியைத் தாண்டுவதைப் பார்த்து, நூல் பிடித்துப் போய், இதற்கு பஃபர்புளோட் என்று பெயர் வைத்தார். பஃபர் வீக்கம்.

இதற்கு மருந்தாக 2012ல் நெட்வொர்க் ஆய்வாளர் கேத்லீன் நிக்கோல்ஸும் அதே வான் ஜேக்கப்சனும் கொண்டுவந்ததுதான் கோடெல், ரூட்டருக்குள் உட்கார்ந்து வரிசையை மேய்க்கும் முறை. இதைப் படித்த அன்று நான் இரவு தூங்கவில்லை, அவ்வளவு அழகு.

அதற்கு முன் வந்த பெரும்பாலான வழிகள் வரிசையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணின. கோடெல் எண்ணுவதில்லை. ஒவ்வொரு பொட்டலமும் உள்ளே வரும்போது அதன் மேல் நேரத்தைக் குறித்துக்கொள்கிறது, வெளியே போகும்போது "எவ்வளவு நேரம் நின்றாய்?" என்று பார்க்கிறது. அதிலும் சராசரியைப் பார்ப்பதில்லை, 100 மில்லிநொடிக்குள் மிகக் குறைவாக நின்றது யார் என்று பார்க்கிறது. ஏன் குறைவானது? மாட்டுத்தாவணியில் ஒரு பஸ் வந்து நின்றால் கதவருகே கூட்டம் முட்டும், இரண்டு நிமிஷத்தில் கரைந்துவிடும், அந்தக் கூட்டத்தால் கெடுதல் இல்லை. ரேஷன் கடையில் மாதத்தின் முதல் வாரம் எந்நேரம் போனாலும் இருபது பேர் நிற்பார்கள், வந்தவர் போகப் போக வாலில் ஆள் சேர்ந்துகொண்டே இருக்கும், எல்லாரும் காத்திருப்பார்கள், ஆனால் கடை ஒரு மூட்டைகூட அதிகமாகத் தள்ளாது. முதல் வகை வரிசை நடுவில் ஒரு முறையாவது பூஜ்யத்துக்கு இறங்கும், இரண்டாவது இறங்கவே இறங்காது. மிகக் குறைந்த காத்திருப்பை மட்டும் பார்த்தால் இரண்டையும் பிரித்துவிடலாம். உங்கள் கேம் படத்திலேயே அவ்வப்போது முழு ஃபிரேம் ஒன்று வரும்போது பொட்டலங்கள் கொத்தாக வந்து விழும். அது பஸ் கூட்டம், கோடெல் அதைத் தொடாது. அக்காவின் வீடியோ ரேஷன் வரிசை, அதைத் தொடும்.

எப்படித் தொடும்? அந்தக் குறைந்தபட்சக் காத்திருப்பே 100 மில்லிநொடி நேரம் முழுக்க 5 மில்லிநொடிக்கு மேலேயே இருந்தால், ஒரே ஒரு பொட்டலத்தைக் கீழே போடும். ஒன்றுதான். போனுக்கு எச்சரிக்கை போய்ச் சேர்ந்து அது குறைத்துக்கொண்டால் சரி. குறைக்காவிட்டால் அடுத்ததை 100 மில்லிநொடி கழித்து, அதற்கடுத்ததை 71 கழித்து, பிறகு 58, பிறகு 50 என்று இடைவெளியைச் சுருக்கிக்கொண்டே போகும். 100ஐ 1, 2, 3, 4 ஆகியவற்றின் வர்க்கமூலத்தால் வகுத்துப் பாருங்கள், இந்த எண்கள் வரும். அனுப்புகிறவரின் வேகம் தொலைந்த பொட்டல விகிதத்தின் வர்க்கமூலத்துக்கு எதிராகக் குறைகிறது என்பது முன்பே தெரிந்த விதி, அதனால் இந்தச் சுருக்கத்தில் வேகம் படபடவென்று சரியாமல் ஒரே சீராக இறங்குகிறது. பத்தாம் வகுப்புக் கணக்கு, எத்தனையோ வீடுகளில் இருக்கிற நோய்க்கு மருந்து.

இதன் மேல் இன்னொன்றும் சேர்த்தார்கள். எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்தாமல் ஒவ்வொரு உரையாடலுக்கும் ஒரு குட்டி வரிசை கொடுத்து, முறை வைத்து ஆளுக்கொரு பொட்டலம் அனுப்புவது, எப்போதாவது ஒரு சின்னப் பொட்டலத்தோடு வருகிறவரை முன்னால் விடுவது. இதற்கு எஃப்கியூ கோடெல் என்று பெயர். அதே குடும்பத்தில் பிறகு வந்த கேக், எந்தப் போன், எந்தக் கம்ப்யூட்டர் என்று பார்த்துக் கருவிவாரியாகவும் பங்கு பிரிக்கும்.

இதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. முதல் நெரிசலை ஆராய்ந்த ஆய்வகம் மக்கள் வரிப்பணத்தில் நடந்தது, கோடெலின் நிரலையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று வெளியிட்டார்கள், அதனால்தான் 2012லேயே லினக்ஸுக்குள் வந்து இன்று சும்மா கிடைக்கிறது. நம் ஊர்ப் பொறியியல் கல்லூரிகளில் இந்த மாதிரி அளந்து பார்க்கிற வேலைக்கு யாராவது காசு கொடுக்க வேண்டும். சாயங்காலம் 7 மணிக்கு வில்லாபுரத்தில் ஒரு தெருவின் ரூட்டர்களுக்குள் வரிசை எவ்வளவு நீளம் என்று அளக்க ஒரு லேப்டாப்பும் இரண்டு மாணவர்களும் போதும்.

இனி உங்கள் வீட்டு வேலை. கம்ப்யூட்டரில் கட்டளைத் திரையைத் திறந்து, பிங் கட்டளையை கூகுளின் சர்வரான 8.8.8.8க்கு விடாமல் ஓடவிடுங்கள். ஒரு சின்னப் பொட்டலம் அங்கே போய்த் திரும்ப எத்தனை மில்லிநொடி ஆகிறது என்று அது காட்டும். வீட்டில் யாரும் நெட்டைத் தொடாதபோது வரும் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு போனில் பெரிய வீடியோவை மேகத்துக்கு ஏற்றிக்கொண்டே பாருங்கள். எண் 20லிருந்து 30 ஆனால் உங்கள் ரூட்டர் நல்லது, 20லிருந்து 400 ஆனால் நான் சொன்ன வரிசைதான். இப்போது ஸ்பீடு டெஸ்ட்களிலும் அப்லோடு நேரத்துத் தாமதம் என்று ஒரு சின்ன எண் வருகிறது, பெரிய எண்ணை விட்டுவிட்டு அதைப் பாருங்கள்.

ரூட்டர் அமைப்புகளில் எஸ்கியூஎம் (கோடெல் மாதிரி வரிசை மேய்க்கும் வசதி) என்று இருக்கிறதா என்று தேடுங்கள், இல்லாவிட்டால் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரூட்டர் மென்பொருளை ஏற்றக்கூடிய ரூட்டர் ஒன்று தேவைப்படும். அதில் அப்லோடு வேகத்தை 20 என்று போடாமல் 18 என்று போடுங்கள். கையில் இருப்பதைக் குறைப்பதா என்று தோன்றும். ஆனால் 20 என்று போட்டால் வரிசை வெளியே, உங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத மோடத்தில் போய் நிற்கும், அங்கே கோடெல் கிடையாது. 18 என்று போட்டால் மோடம் எப்போதும் காலியாக இருக்கும், வரிசை உங்கள் ரூட்டரிலேயே நிற்கும், அதை மேய்க்க அங்கே ஆள் இருக்கிறது. எங்கள் வீட்டில் இதைச் செய்தபிறகு அக்காவின் வீடியோ ஏறி முடிய முன்பைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆனது, அவளுக்குத் தெரியக்கூட இல்லை, பிங் 30ஐத் தாண்டவில்லை.

ரூட்டர் மாற்ற இப்போது காசில்லை என்றால் விளையாடும் நேரத்துக்கு மட்டும் வீட்டுப் போன்களில் தானாக ஏற்றுவதை நிறுத்தி வையுங்கள். உங்கள் படத்தையும் கவனியுங்கள், அது நண்பர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகிறது. இரண்டு பேருக்கு 6, 6 என்றால் 12, அதை ஆளுக்கு 4 ஆகக் குறைத்தால் 8தான், மீதி இடம் வீட்டுக்கு. மேலூர் நண்பருக்கு மட்டும் இன்னும் இழுத்தால், இதே பிங் சோதனையை அவர் வீட்டிலும் செய்து இரண்டு எண்களையும் அனுப்பச் சொல்லுங்கள். வரிசை அவருடைய ரூட்டரில் நிற்கலாம்.