10 லிட்டர் பெட்டிக்குள் 400 வாட்

கணினிப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்தால் கிராபிக்ஸ் கார்டு 70 டிகிரி, மாட்டினால் 84. புது கேபினெட்டில் எல்லாவற்றையும் அடைத்து முடித்த அன்று இரவு, ஒரே கேமை ஓடவிட்டுக்கொண்டு அந்தத் தகட்டைக் கழற்றுவதும் மாட்டுவதுமாகவே எனக்கு இரண்டு மணி நேரம் போனது. ஃபேன் பத்தவில்லையா, தெர்மல் பேஸ்ட் சரியில்லையா, பெட்டியே மட்டமா என்று வரிசையாக ஒவ்வொன்றின் மேலும் சந்தேகம். எதுவுமே காரணம் இல்லை. தான் வெளியே தள்ளிய சூடான காற்றையே கார்டு திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

"இத்தனை சின்னப் பெட்டியில் அவ்வளவு சூடு எப்படி அடங்கும்?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியிலேயே ஒரு பிசகு இருக்கிறது. சூடு பெட்டிக்குள் அடங்குவதே இல்லை, அடங்கவும் கூடாது. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு கேமிங் பிசி 400 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணினி எந்தப் பாரத்தையும் தூக்குவதில்லை, மின்சாரத்தைச் சேர்த்து வைப்பதும் இல்லை, அதனால் உள்ளே போகும் 400 வாட்டும் கிட்டத்தட்ட முழுவதுமாக வெப்பமாகத்தான் முடிகிறது. அதாவது விநாடிக்கு 400 ஜூல். ஒரு கனமீட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிலோ, அதை 1 டிகிரி சூடேற்ற ஏறக்குறைய 1,200 ஜூல் வேண்டும். ஆக, நிமிடத்துக்கு ஒரு கனமீட்டர் காற்று பெட்டி வழியாகப் போனால் அது 20 டிகிரி சூடேறி வெளியே வரும். இரண்டு கனமீட்டர் போனால் 10 டிகிரி.

இந்தக் கணக்கில் பெட்டியின் அளவு எங்கேயாவது வந்ததா? வரவில்லை. ஒரு கனமீட்டர் என்பது 1,000 லிட்டர். 10 லிட்டர் பெட்டி என்றால், உள்ளே இருக்கும் காற்று நிமிடத்துக்கு 100 தடவை மாறுகிறது, அதாவது எந்தக் காற்றும் சராசரியாக 0.6 விநாடிக்கு மேல் உள்ளே தங்குவதில்லை. பாகங்கள் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதால் உண்மையில் இன்னும் குறைவு. பெட்டியை ஒரு அறையாக நினைப்பதைவிட ஒரு குழாயாக நினைத்துக்கொள்வது சரியாக இருக்கும்.

அப்படியானால் பெரிய டவர் கேபினெட் எதற்கு? அது தப்பைப் பொறுத்துக்கொள்ளும். கார்டு துப்பிய சூடான காற்று 50 லிட்டர் காலி இடத்தில் கலந்து, முன்பக்க ஃபேன் தள்ளும் காற்றோடு எப்படியோ பின்பக்கம் போய்விடும். சின்னப் பெட்டியில் காற்று வெளியேறும் துளைக்கும் உள்ளே நுழையும் துளைக்கும் நடுவே இரண்டு விரல் தூரம்தான். வெளியேறிய காற்று வளைந்து திரும்ப உள்ளே வர அந்தத் தூரம் போதும்.

சிப்பிலிருந்து வெப்பம் காற்றுவரை வந்து சேரும் கதை தனி. ஒரு மின் அடுப்புத் தட்டு 18 செ.மீ. விட்டம், 1,800 வாட் என்றால் சதுர செ.மீ.க்கு 7 வாட் வருகிறது. ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசை ப்ராசசரில் கணக்குப் போடும் சிலிக்கான் துண்டின் பரப்பு ஏறக்குறைய 70 சதுர மி.மீ. அது 80 வாட் எரிக்கும்போது சதுர செ.மீ.க்கு 100 வாட்டைத் தாண்டிவிடுகிறது. அடுப்பைப்போல 15 மடங்கு. கிராபிக்ஸ் சிப்பின் நிலைமை கொஞ்சம் தேவலை: ஆர்டிஎக்ஸ் 4070 கார்டு 200 வாட் வாங்குகிறது, ஆனால் அந்தச் சிப் சுமார் 295 சதுர மி.மீ. பரப்பு, மேலே மூடியும் கிடையாது, வெப்பத்தை வாங்கிக் காற்றுக்கு விடும் உலோக மடிப்புகளான ஹீட் சிங்க் நேராக அதன் மேல் உட்காருகிறது. 200 வாட் கார்டு 70 டிகிரியில் நிம்மதியாக இருக்கும்போது 80 வாட் ப்ராசசர் 85 காட்டுகிறதே என்று குழம்புகிறவர்களுக்கு விடை இதில்தான் இருக்கிறது. வாட் எவ்வளவு என்பதோடு, அது எத்தனை சின்ன இடத்திலிருந்து கிளம்புகிறது என்பதும் கணக்கில் சேரும்.

அந்தக் குவிந்த வெப்பத்தைப் பரத்துவதற்கு ஹீட் பைப்பை மிஞ்சி வேறு எதுவும் சுலபமாக இல்லை. பார்ப்பதற்குச் சாதாரணச் செம்புக் குழாய். உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, சில துளி நீரை மட்டும் விட்டு இரண்டு முனையையும் அடைத்திருப்பார்கள். அழுத்தம் குறைந்த இடத்தில் நீர் 100 டிகிரிக்குக் காத்திருப்பதில்லை, 40, 50 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். சிப் பக்கம் ஆவியாகும்போது வெப்பத்தை அள்ளிக்கொள்கிறது, ஆவி மறுமுனைக்குப் பாய்ந்து அங்கே குளிர்ந்து நீராகிறது, அள்ளிய வெப்பத்தை அங்கே கொட்டுகிறது. அப்புறம் அந்த நீர், குழாயின் உள்சுவரில் ஒட்டியிருக்கும் செம்புத் துகள் படலத்தின் நுண்துளைகள் வழியே, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, திரும்பி வருகிறது. ஒரு கிலோ நீர் ஆவியாக 2,000 கிலோஜூலுக்கு மேல் வேண்டும் என்பதால் சில துளி நீரே சுற்றிச்சுற்றிப் பெரிய வேலையைச் செய்துவிடுகிறது. 1963ல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் இதைச் செய்துகாட்டினார், அப்போது மனதில் இருந்தது விண்வெளிப் பயன்பாடு. இன்று கேம் விளையாட உதவுகிறது, நல்லதுதான்.

சிப்புக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே பூசும் தெர்மல் பேஸ்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செம்பு, காற்றைவிட ஏறக்குறைய 15,000 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவே சிக்கும் காற்றைத் துரத்துவதுதான் பேஸ்ட்டின் வேலை. விலை உயர்ந்ததற்கும் சாதாரணமானதற்கும் சில டிகிரிதான் வித்தியாசம், இதற்காகச் சண்டை போடுபவர்களைப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது.

இங்கேதான் பெட்டி மறுபடி உள்ளே வருகிறது. ஹீட் சிங்க்கும் ஃபேனும் சேர்ந்த ஒவ்வொரு கூலருக்கும் ஒரு வெப்பத்தடை உண்டு, ஒரு வாட்டுக்கு இத்தனை டிகிரி என்று. குட்டிப் பெட்டிக்கென்றே வரும் நாக்டுவா என்எச்-எல்9ஏ போன்ற கூலரின் உயரம் 37 மி.மீ. மட்டும்தான். இந்த மாதிரித் தட்டையான கூலர் ஒன்றுக்கு எல்லாம் சேர்த்து வாட்டுக்கு அரை டிகிரி என்று வைத்துக்கொண்டால், 80 வாட்டுக்குச் சிப் 40 டிகிரி ஏறும். எதிலிருந்து 40? அறையின் வெப்பநிலையிலிருந்து இல்லை, கூலரின் ஃபேன் வாயில் நுழையும் காற்றின் வெப்பநிலையிலிருந்து. அந்தக் காற்று 30 டிகிரி என்றால் சிப் 70. கிராபிக்ஸ் கார்டின் மூச்சுக்காற்று அங்கே வந்து கலந்து 48 ஆகிவிட்டால் சிப் 88. ரைசன் 7 7800எக்ஸ்3டி ப்ராசசரின் வரம்பே 89 டிகிரி, அதற்கு மேல் போனால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நுழையும் காற்றில் ஏறும் ஒவ்வொரு டிகிரியும் அப்படியே சிப்பில் ஏறுகிறது, எவ்வளவு நல்ல கூலர் வாங்கினாலும் இதில் தள்ளுபடி கிடையாது.

அதனால்தான் சின்னப் பெட்டி வடிவமைப்பவர்கள் இரண்டு சூட்டையும் சுவர் வைத்துப் பிரித்தார்கள். ப்ராசசர் உட்காரும் பலகைதான் மதர்போர்டு; சின்னப் பெட்டிக்கான மினி-ஐடிஎக்ஸ் மதர்போர்டு 170 மி.மீ. சதுரம், வையா நிறுவனம் 2001ல் கொண்டுவந்தது. அதன் முதுகுக்குப் பின்னால் கிராபிக்ஸ் கார்டை, இரண்டையும் இணைக்கும் ரைசர் கேபிள் ஒன்றைப் போட்டு, முதுகோடு முதுகாக நிறுத்திவிட்டால் அதுதான் சாண்ட்விச் அமைப்பு. டான் ஏ4 என்ற 7.2 லிட்டர் பெட்டி இதைப் பிரபலமாக்கியது. ஃபிராக்டல் டெர்ரா போன்ற 10.4 லிட்டர் பெட்டியில் நடுச்சுவரையே நகர்த்தலாம், தடித்த கார்டு என்றால் கூலர் பக்கம் இடம் குறையும், உயரமான கூலர் என்றால் கார்டு பக்கம் குறையும். இந்த அமைப்பின் அழகு, கார்டும் கூலரும் ஆளுக்கொரு பக்கச் சுவரின் துளைகள் வழியே வெளிக்காற்றை நேரடியாக இழுப்பது. ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் வாங்க வேண்டியதில்லை.

நேரடியாக என்றேன், அதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். என் கார்டின் ஃபேனுக்கும் துளைத் தகட்டுக்கும் நடுவே 12 மி.மீ. இடைவெளி இருந்தது. ஃபேன் எங்கிருந்து சுலபமாகக் கிடைக்கிறதோ அங்கிருந்துதான் காற்றை இழுக்கும். தகட்டின் சின்னத் துளைகள் வழியே இழுப்பதற்குக் கொஞ்சம் பாடுபட வேண்டும், அந்த 12 மி.மீ. சந்து வழியே கார்டின் ஓரத்திலிருந்து இழுக்கச் சிரமமே இல்லை, ஓரத்தில் இருப்பதோ கார்டே அப்போதுதான் வெளியே விட்ட சூடான காற்று. போதாததற்கு மேல்பக்கம் இருந்த இரண்டு ஃபேனையும், புதுக் காற்று அதிகம் வரட்டுமே என்று, உள்நோக்கி மாட்டியிருந்தேன். வெளியே போக வழி தேடிய சூடான காற்றை நானே கீழே அமுக்கி அந்தச் சந்துக்குள் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

இதைக் கண்டுபிடிக்க பெரிய கருவி எதுவும் வேண்டாம். மெல்லிய காகிதத் துண்டைத் தகட்டின் ஒவ்வொரு இடத்திலும் வைத்துப் பார்த்தாலே போதும். ஃபேனுக்கு நேராக ஒட்டிக்கொண்ட காகிதம், இரண்டு அங்குலம் தள்ளி வைத்ததும் வெளியே பறந்தது. உள்ளே இழுக்க வேண்டிய தகடே காற்றைத் துப்பினால் விஷயம் புரிந்துவிடும்.

மேலே காற்றை உள்ளிழுப்பது தப்பு என்றதும், "சூடான காற்று மேலேதானே போகும், இது தெரியாதா" என்று சொல்லத் தோன்றும். காரணம் அது இல்லை. 30 செ.மீ. உயரப் பெட்டியில் உள்ளே 20 டிகிரி சூடு அதிகம் என்றால், காற்று தானாக மேலே எழும்பும் விசையால் கிடைக்கும் அழுத்தம் கால் பாஸ்கல்கூட வராது. நல்ல 120 மி.மீ. ஃபேன் முழு வேகத்தில் 20 பாஸ்கலைத் தொடும். ஃபேன் சுற்றும் பெட்டியில் சூடான காற்று எந்தத் திசையில் தள்ளப்படுகிறதோ அங்கேதான் போகும், கீழே தள்ளினாலும் போகும். கேம் ஓடாத நேரத்தில் எல்லா ஃபேனும் நின்றுவிடும் அமைப்புகளில் மட்டும் இந்தப் புகைபோக்கி விளைவுக்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. மேல் ஃபேனை வெளிநோக்கித் திருப்பச் சொல்வதற்குக் காரணம், இரண்டு பக்கச் சுவரும் ஏற்கெனவே உள்ளிழுக்கும் வாயாக இருக்கின்றன, மிச்சம் இருக்கும் ஒரே பெரிய திறப்பு மேலேதான்.

ஃபேன் வாங்கும்போது அட்டைப்பெட்டியில் இரண்டு எண் போட்டிருக்கும், காற்றின் அளவு ஒன்று, அழுத்தம் ஒன்று. முதலாவது எதிரே எந்தத் தடையும் இல்லாதபோது கிடைப்பது, இரண்டாவது வழியை முழுக்க அடைத்துவிட்டால் கிடைப்பது. நம் பெட்டியில் இரண்டுமே கிடைக்காது, நடுவில் எங்கோ ஓர் இடத்தில் நிற்கும். துளைத் தகடு, தூசி வலை, நெருக்கமான ஹீட் சிங்க் மடிப்புகள் என்று தடை கூடக்கூட அழுத்தம் அதிகமுள்ள ஃபேனே வெல்லும். இன்னொன்று, ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதி, அழுத்தம் கால்பங்கு, சத்தமோ சுமார் 15 டெசிபெல் குறையும். கத்தும் ஃபேனைவிட, காற்று திரும்ப வராமல் அடைத்த ஓட்டையால் கிடைக்கும் குளிர்ச்சி காதுக்கும் நல்லது.

காற்றை எல்லாம் ஒழுங்கு செய்த பிறகும் மிச்சம் இருப்பது வாட்டைக் குறைப்பது, இதைத்தான் நான் முதலில் செய்திருக்க வேண்டும். சிப்பின் இயக்கத்துக்குச் செலவாகும் மின்திறன், வோல்டேஜின் வர்க்கத்தையும் வேகத்தையும் பெருக்கியதுபோல் போகும். வோல்டேஜை 10 சதவீதமும் வேகத்தை 5 சதவீதமும் குறைத்தால் 0.9 × 0.9 × 0.95, அதாவது 0.77. 5 சதவீத வேகத்தை விட்டுக்கொடுத்துச் சூட்டில் கால்பங்கைத் துரத்துகிறோம், கேமில் அந்த 5 சதவீதம் கண்ணுக்கே தெரியாது. இதுதான் அன்டர்வோல்ட். தொழிற்சாலையில் எல்லாச் சிப்பும் தடுமாறாமல் ஓட வேண்டும் என்று வோல்டேஜைக் கொஞ்சம் தாராளமாகவே வைத்து அனுப்புகிறார்கள், அந்தத் தாராளத்தைத்தான் நாம் திரும்ப எடுக்கிறோம். ஒரேயடியாகக் குறைத்தால் கேம் நடுவில் படுத்துவிடும், கொஞ்சங்கொஞ்சமாக இறங்க வேண்டும்.

வேறு இரண்டு விஷயம், சூட்டோடு நேரடிச் சம்பந்தம் இல்லாவிட்டாலும் சின்னப் பெட்டியில் கட்டாயம் வரும். கார்டும் மதர்போர்டும் பேசிக்கொள்ளும் இணைப்பு முறைக்கு பிசிஐஇ என்று பெயர். ரைசர் கேபிள் பிசிஐஇ மூன்றாம் தலைமுறைக்கானது, கார்டு நான்காம் தலைமுறை என்றால் திரை கறுப்பாகவே நிற்கலாம் அல்லது நடுவில் கார்டு காணாமல் போகலாம், மதர்போர்டின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸில் மூன்றாம் தலைமுறை என்று மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அடுத்தது, புதுக் கார்டுகளில் வரும் 16 ஊசி மின் இணைப்பு. அதை முழுக்க உள்ளே அழுத்தாமலோ, வாயிலேயே வளைத்து மடக்கியோ தகட்டை மூடினால் ஊசிகள் சரியாகப் பொருந்தாமல் அந்த இடமே சூடாகும், உருகியும் இருக்கிறது. இங்கே மட்டும் இடம் இல்லை என்று சமாளிக்கக் கூடாது.

சரி, என் பெட்டி. மேல் ஃபேன் இரண்டையும் வெளிநோக்கித் திருப்பினேன், 79 ஆனது. கார்டின் ஃபேன்களைச் சுற்றி 12 மி.மீ.யைவிடக் கொஞ்சம் தடித்த ஃபோம் பட்டையை ஒட்டி, தகட்டை மூடும்போது அது அழுந்தி அந்தச் சந்தை முழுக்க அடைக்கும்படி செய்தேன், 75. அதன் பிறகு அன்டர்வோல்ட், 69. தகட்டைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தேன், 68. அந்த ஒரு டிகிரி துளைத் தகட்டின் தடையாகத்தான் இருக்க வேண்டும், அதை இன்னும் துரத்திப் பிடிக்கவில்லை.