தாழ்ந்து கிடக்கும் மோட்டார்ஹோம்: காற்று எங்கே போகிறது?

அமெரிக்கச் சாலைகளில் ஓடும் பெரிய டீசல் மோட்டார்ஹோம் ஏறத்தாழ 12 மீட்டர் நீளம், 15 டன் எடை. கட்டில், அடுப்படி, குளியலறை, தண்ணீர்த் தொட்டி என்று ஒரு குடும்பம் மாதக்கணக்கில் வாழத் தேவையான அத்தனையும் அதற்குள் இருக்கிறது. அந்தப் பாரம் முழுவதையும் அச்சுகளின்மேல் தாங்கி நிற்பது பெல்லோ எனப்படும் ரப்பர் காற்றுப் பைகளில் அடைத்த காற்று. நெடுந்தூரப் பேருந்துகளில் 1950களில் பரவிய ஏற்பாடு இது.

மாலையில் நிமிர்ந்து நின்ற வண்டி காலையில் ஒரு மூலை தாழ்ந்து கிடந்தால், காற்று கசியும் இடத்தைக் குமிழியால் கண்டுபிடிக்கப் பலரும் முதலில் சோப்புத் தண்ணீரைத்தான் தேடுகிறார்கள். டஜன் கணக்கான இணைப்புகளில் ஒவ்வொன்றாகச் சோப்பு தடவி அலுத்துப்போவதைவிட, காற்று எப்படி நடந்துகொள்ளும் என்று முதலில் யோசிப்பது நல்லது.

பெல்லோவுக்கும், அதற்குக் காற்றைச் சேமித்துவைக்கும் டாங்குக்கும் உள்ள வேறுபாட்டில் தொடங்குவோம். டாங்க் இரும்பாலானது, அதன் கொள்ளளவு மாறாது. காற்று வெளியேறினால் அழுத்தம் குறையும், கேஜ் முள் இறங்கும். பெல்லோ அப்படியல்ல. அதன் மேல் 2,000 கிலோ எடை அமர்ந்திருக்கிறது, செயல்படும் பரப்பு 400 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், உள்ளே சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தம் இருந்தே தீர வேண்டும். ஏறத்தாழ 70 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு). பாதிக் காற்று கசிந்துபோனாலும் மேலிருக்கும் எடை குறைவதில்லை. ஆகவே அழுத்தம் பெரும்பாலும் அப்படியே நிற்கும், உயரம் மட்டும் இறங்கும். பெல்லோவின் கசிவைக் கேஜில் பார்க்க முடியாது. அளவு நாடாவில்தான் பார்க்க முடியும்.

இந்த இரண்டையும் குழப்பிவிடுவது லெவலிங் வால்வு. வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் பொருத்திய இந்த வால்வின் கை, ஒரு கம்பி வழியாக அச்சோடு இணைந்திருக்கும். வண்டி தாழ்ந்தால் கை மேலே திரும்பி டாங்கிலிருந்து காற்றை உள்ளே விடும். உயர்ந்தால் பெல்லோவின் காற்றை வெளியேற்றும். நிறுத்திவைத்த வண்டியிலும் அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். பெல்லோவில் துளை விழுந்தால், டாங்கில் காற்று உள்ளவரை வால்வு அதை நிரப்பிக்கொண்டே இருக்கும். வண்டி நிமிர்ந்து நிற்கும், டாங்க் முள் இறங்கும். டாங்கில் காற்று தீர்ந்த பிறகே மூலை தாழத் தொடங்கும். கசிவது ஓரிடம், காட்டுவது வேறிடம்.

பிரேக்கும் இதே டாங்குகளை நம்பியிருப்பதால், பெல்லோக்கள் இருக்கும் சஸ்பென்ஷன் பக்கம் எவ்வளவு கசிந்தாலும் பிரேக் காற்று ஓர் எல்லைக்குக் கீழே போகாமல் தடுக்க ஒரு பாதுகாப்பு வால்வு உண்டு. அந்த எல்லை வண்டிக்கு வண்டி மாறும். பெரும்பாலும் 60, 70 பிஎஸ்ஐ அளவில் இருக்கும். 120 பிஎஸ்ஐயிலிருந்து இறங்கிய முள் அங்கே வந்து நின்றுவிட்டால் கசிவு சஸ்பென்ஷன் பக்கம் என்று ஊகிக்கலாம். முள் நிற்காமல் பூஜ்யம் வரை போனால் பிரேக் பக்கத்தையும் பார்த்தாக வேண்டும். அதைத் தள்ளிப்போடக் கூடாது.

சாய்வைப் படிப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பொதுவாக முன் அச்சுக்கு ஒரு வால்வு, பின் அச்சுக்கு இடம் ஒன்று வலம் ஒன்று என மூன்று வால்வுகள் இருக்கும். முன்பக்கத்தின் இரு பெல்லோக்களும் ஒரே வால்வைப் பகிர்ந்துகொள்வதால் காற்று இடையில் போய்வரும். ஒன்று கசிந்தால் இரண்டும் சேர்ந்தே இறங்கும். பின் இடது பெல்லோ கசிந்தாலோ வண்டி முழுவதுமே இடப்பக்கம் சாயும். அந்தச் சாய்வை முன்பக்கத்தால் தடுக்க முடியாது. முன் இடது மூலை தாழ்ந்திருக்கிறதே என்று அங்கே தேடுவது வீண் வேலை.

குளிரையும் கணக்கில் எடுக்க வேண்டும். 30 டிகிரி செல்சியஸில் நிறுத்திய வண்டி விடியலில் உறைநிலையில் நின்றால், பெல்லோவின் காற்று ஒரு துளியும் கசியாமலே கன அளவில் பத்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும். அரிசோனா பாலைவனத்தில் குளிர்காலம் கழிப்பவர்கள் இதைக் கசிவு என்று எண்ணிப் பெல்லோவை மாற்றிவிடக் கூடாது.

வண்டிக்கு அடியில் போகும் முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காற்றை மட்டும் நம்பி நிற்கும் வண்டிக்கு அடியில் யாரும் தலையை நீட்டக் கூடாது. ஒரு குழாய் கழன்றால் 15 டன் சேசிஸ் கண்ணிமைக்கும் நேரத்தில் இறங்கும். மனிதர்கள் நசுங்கி இறந்திருக்கிறார்கள். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, சேசிஸின் உறுதியான பகுதிக்குக் கீழே எடைக்கேற்ற ஸ்டாண்டுகளை நிறுத்திய பிறகே மற்றதெல்லாம். வண்டியின் சொந்த ஹைட்ராலிக் ஜாக்கி மட்டும் போதாது.

இனி சோப்பு நீர். பஞ்சர் கடையில் டியூபைத் தொட்டியில் அமுக்கிப் பார்ப்பது போன்ற வேலைதான், தொட்டி மட்டும் இல்லை. ஓர் இரவில் பெல்லோவைக் காலியாக்கத் தலைமுடியின் தடிமனுள்ள துளையே போதும். உள்ளே இவ்வளவு அழுத்தம் இருக்கும்போது காற்று அந்தத் துளையை ஒலியின் வேகத்தில், வினாடிக்கு 300 மீட்டருக்கும் மேல், கடக்கிறது. அப்படிப்பட்ட கசிவில் பெரிய குமிழிகள் வராது. வெண்மையான நுண்ணிய நுரை ஒரு நிமிடம் கழித்து மெல்லத் திரளும். பொறுமையாகப் பார்க்க வேண்டும். அமோனியா கலந்த சுத்திகரிப்பான்களைப் பித்தளை இணைப்புகளில் தெளிக்கவே கூடாது. இதை முதலில் உணர்த்தியது இந்தியா. பிரிட்டிஷ் ராணுவம் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் தாமாகவே வெடிப்பு விட்டன. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியாவும், உறையாக இழுத்து உருவாக்கியபோது உலோகத்துக்குள் தங்கிய இறுக்கமும் சேர்ந்து அவற்றைப் பிளந்தன என்பது 1921-இல்தான் விளங்கியது.

கை எட்டாத இடங்களுக்கு அல்ட்ராசோனிக் கருவி உதவும். பீறிடும் காற்று நம் காதின் எல்லையான 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேயும் இரைகிறது. கருவி 40 கிலோஹெர்ட்ஸ் அளவிலான இரைச்சலைக் கேட்கும்படி மாற்றித் தருகிறது. அந்த அலைவரிசை காற்றில் வெகுதூரம் போகாது என்பதே இங்கே அனுகூலம். சத்தம் எங்கே உச்சமோ, துளை அங்கே.

அடிக்கடி அகப்படும் குற்றவாளி நைலான் குழாயின் முனை. தள்ளிச் செருகும் இணைப்பிலிருந்து அதை உருவி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம் உட்காரும் இடத்தில் நீளவாக்கில் நகக்கீறல் போல ஒரு கோடு தெரியும். காற்று அந்தக் கோட்டின் வழியே நடந்துபோகிறது. ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மறுபடி செருகினால் தீர்ந்தது. ஆனால் குழாய் வெட்டியால் நேர்க்கோணத்தில் வெட்ட வேண்டும்; இடுக்கியால் நறுக்கினால் முனை சப்பையாகி அடுத்த கசிவுக்கு வழியாகும். திருகு இணைப்புகளில் டெஃப்லான் டேப் சுற்றாமல் பசை வகையைப் பயன்படுத்துவது மேல். டேப்பின் இழைகள் பிய்ந்து வால்வுக்குள் போய் மாட்டிக்கொள்ளும்.

லெவலிங் வால்வைச் சோதிக்க அதன் இணைப்புக் கம்பியைக் கழற்றி, வால்வின் கையை நடுநிலையில் நிறுத்த வேண்டும். அப்போதும் வெளியேற்றும் வாயில் இரைந்தால் வால்வின் உட்பகுதி பழுது. அந்த வாயிலில் வெண்பொடி ஒட்டியிருந்தால், காற்றின் ஈரத்தை நீக்கும் ஏர் டிரையரையும் பாருங்கள். ஈரம் உறிஞ்சும் மணிகள் நொறுங்கித் தூளாகி வால்வைக் கெடுத்திருக்கும். டிரையரை விட்டுவிட்டு வால்வை மட்டும் மாற்றினால் புதியதும் அதே கதிக்கு ஆளாகும். பெல்லோவே மடிப்பில் வெடித்து உள்ளிழை தெரிந்தால் ஒட்டுப்போட முயலக் கூடாது, மாற்றிவிட வேண்டும். ஒரே வயதுள்ள மறுபக்கத்தையும் சேர்த்து மாற்றுவதே சரி.

பிறகு உயரத்தை அளக்க வேண்டும். சேசிஸ் தயாரிப்பாளர் குறித்த அளவிலிருந்து பின்பக்கம் விலகினால் அச்சுக்குப் போகும் சுழல்தண்டின் கோணம் மாறி, அதன் மூட்டுகள் சீக்கிரம் தேயும். இணைப்புக் கம்பியைத் திருத்தி, 120 பிஎஸ்ஐ வரை ஏற்றி, இன்ஜினை நிறுத்தி நான்கு மூலைகளின் உயரத்தையும் வெப்பநிலையோடு குறித்துக்கொண்டு, மறுநாள் அதே வேளையில் திரும்ப அளந்து பார்க்க வேண்டும்.