சஸ்பென்ஸ்: மர்மமா, திகிலா, தவிப்பா?

"சித்தி, சஸ்பென்ஸுக்குத் தமிழ்ல என்ன?" என்று கேட்டாள், உயர்நிலை இரண்டில் படிக்கும் அக்கா மகள். யோசிக்காமல் "மர்மம்" என்றேன். "நாம பார்த்த படத்துல கொலைகாரன் யாருன்னு முதல் காட்சியிலயே காட்டிட்டாங்களே. அப்புறம் என்ன மர்மம்?"

அவள் கேட்டது சரிதான். மர்மம் என்பது வடமொழியின் 'மர்மன்'. அடிபட்டால் உயிருக்கே ஆபத்தாகும் உடலிடத்தைக் குறித்த சொல். வர்மக்கலையின் வர்மமும் அதுவே. மறைபொருள் என்ற பொருளும் அதற்கு உண்டு. ஏதாவது மறைந்திருந்தால்தான் மர்மம். திகில் என்றால் அச்சம். அது பேய்ப்படத்துக்குப் போதும்.

சஸ்பென்ஸ் லத்தீன் வழி வந்தது. 'சஸ்பெண்டெரே' என்றால் தொங்கவிடுதல். வேலையில் ஒருவரை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள் என்கிறோமே, அதற்கும் இதே வேர். முடிவு தெரியாத காரியத்தை நாமும் 'அந்தரத்தில் தொங்குகிறது' என்றுதானே சொல்கிறோம்? யாழ்ப்பாணத் தமிழில் அந்தரப்படுவது என்றால் பதறுவது. தொங்குவதிலிருந்து பதற்றத்துக்கு இரண்டு மொழிகளும் தனித்தனியே வந்து சேர்ந்திருப்பதை நினைக்க எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் அந்தரமும் வடசொல்தான்.

என் மனம் நாடுவது 'தவிப்பு'. தவித்த வாய்க்குத் தண்ணீர் என்கிறோம். தாகம் உண்டு, தண்ணீர் கைக்கு எட்டவில்லை. படம் பார்ப்பவர் நிலையும் அதுதான்: ஆபத்து தெரிகிறது, எச்சரிக்க வழியில்லை.

1990களில், சிங்கப்பூரில் ஒரு பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கில் நடக்கும் கதை என்று வைத்துக்கொள்வோம். அப்போது பல புளோக்குகளில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. 2001இல் தொடங்கிய மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பிறகே நிலைமை மாறியது. ஏழாம் மாடியில் குடியிருக்கும் பெண் ஐந்தாம் மாடியில் இறங்கிப் படியேற வேண்டும். ஆறாம் மாடித் திருப்பத்தில் ஒருவன் நிற்பதை நமக்கு முன்பே காட்டிவிட்டார்கள். அவள் கையில் அரிசி மூட்டை. ஒவ்வொரு படியிலும் செருப்புச் சத்தம். இதற்குப் பின்னணி இசையே வேண்டாம். அதே காட்சியில் மின்தூக்கி ஏழாம் மாடியில் திறந்தால், அந்தப் படிகளில் மூட்டை தூக்கியவர்கள் "இது எந்த ஊர் புளோக்?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி வந்ததுமே தவிப்பு அறுந்துவிடும். இன்றைய கதையென்றால், கையில் தொலைபேசி இருந்தும் அவள் ஏன் போலிசின் 999ஐ அழைக்கவில்லை என்பதற்குக் கதையே பதில் வைத்திருக்க வேண்டும்.

த்ரில்லர் வேறு சொல். 'த்ரில்' பழைய ஆங்கிலத்தில் துளைத்தலைக் குறித்தது. மூக்குத் துளையைச் சொல்லும் 'நாஸ்ட்ரில்'லின் பின்பாதியும் அந்தக் குடும்பம்தான். அதற்குப் பரபரப்புப் படம் என்ற வழக்கே போதும்.

அக்கா மகள் தன் கட்டுரையில் 'சஸ்பென்ஸ் சீன்' என்று எழுதியிருந்த இடத்தை அடித்து, 'தவிப்புக் காட்சி' என்று எழுதச் சொன்னேன்.