'வா பேனே' (சரி) சொல்ல முன் நேரத்தைத் திருப்பிச் சொல்லுங்கள்

இத்தாலியின் பலெர்மோவில் நம் ஆட்களோடு வைத்தியசாலைக்கும் அலுவலகங்களுக்கும் உரைபெயர்ப்பாளராகப் போய் வருகிறேன். நான் பார்த்தவரை, அக்கறையில்லாமல் அப்பொயின்ட்மென்டைத் தவறவிட்டவர்கள் மிகக் குறைவு. போனில் சொன்ன நேரத்தைப் பிழையாக விளங்கிக்கொண்டவர்கள்தான் அதிகம்.

ஓர் அக்காவுக்கு ஸ்கேன். போனில் சொன்னது: "ஜோவெதி, அல்லே குவாத்த்ரோ மேனோ உன் குவார்த்தோ." அவர் காதில் விழுந்தது குவாத்த்ரோவும் குவார்த்தோவும். நாலு, கால். காலண்டரில் வியாழக்கிழமைக் கட்டத்தில் 4.15 என்று எழுதி, வட்டமும் போட்டிருந்தார். அன்று நாலு மணிக்கே போய் உட்கார்ந்துவிட்டார். ஆனால் 3.45-க்கே பெயர் கூப்பிட்டு முடிந்திருந்தது.

'மேனோ' என்றால் 'குறைய'. நாம் மூன்றே முக்கால் என்று மூன்றிலிருந்து ஏறுகிறோம். இத்தாலியர் நாலிலிருந்து இறங்குகிறார்கள். 'குவாத்த்ரோ எ உன் குவார்த்தோ' என்றால்தான் நாலேகால். அந்தச் சின்னச் சொல்லைக் கோட்டைவிட்டால் அரை மணி நேரம் போய்விடும்.

அப்புறம், அலுவலகங்களில் பெரும்பாலும் 24 மணிக் கணக்கு. 'த்ரேதிச்சி' 13, அதாவது மதியம் ஒரு மணி. அதில் 'த்ரே' மட்டும் கேட்டால் மூன்று மணிக்குப் போவீர்கள். 'ஸேதிச்சி' 16, பின்னேரம் நாலு. 'ஸேய்' தான் ஆறு. 'திச்சஸ்ஸெத்தே' 17, ஐந்து மணி. அதன் வாலில் இருக்கும் 'ஸெத்தே'யைப் பிடித்துக்கொண்டு ஏழு மணிக்குப் போனவரையும் எனக்குத் தெரியும். அந்த அக்கா இப்போது 13 முதல் 20 வரை தமிழில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறார்.

நாள் கணக்கிலும் கவனம் வேண்டும். திங்களன்று 'ஒஜ்ஜி ஆ ஒத்தோ' என்றால் அடுத்த திங்கள், செவ்வாய் அல்ல. இன்றையும் சேர்த்து எட்டு என்று எண்ணுகிறார்கள். அதே மாதிரி, '15 நாள்' என்றால் இரண்டு வாரம்.

விளங்காவிட்டாலும் கூச்சத்தில் "ஸீ, ஸீ, வா பேனே" என்று சொல்லிப் போனை வைத்துவிடுகிறோம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். கேட்ட நேரத்தை 24 மணிக் கணக்கில் நீங்களே திருப்பிக் கேளுங்கள்: "அல்லோரா, ஜோவெதி, அல்லே குவிந்திச்சி எ குவாரந்தச்சின்க்வே?" 15.45 தானே என்று கேட்கிறீர்கள். பிழை இருந்தால் அந்த இடத்திலேயே திருத்துவார்கள். அதற்காக யாரும் கோபித்து நான் பார்த்ததில்லை. நேரில் என்றால் ஒரு துண்டுத் தாளை நீட்டி, "மே லோ ஸ்க்ரீவே, பெர் ஃபவோரே?" என்று எழுதி வாங்குங்கள்.

போக முடியாமல் போனால் முன்கூட்டியே அழைத்துச் சொல்லுங்கள். ரத்துசெய்ய 'தீஸ்தீரே', வேறு நாளுக்கு மாற்ற 'ஸ்பொஸ்தாரே'. அரச வைத்தியசாலையில் சொல்லாமல் நின்றுவிட்டால், கட்டண விலக்கு உள்ளவரிடமும் பணம் கேட்கலாம்.