ரேஷன் கடையில் விலை எப்படிக் குறைகிறது?

மாநகராட்சியே மளிகைக் கடை நடத்தலாமா என்று 2025இல் நியூயார்க் மேயர் தேர்தலின்போது பெரிய வாக்குவாதம் நடந்தது. தண்டையார்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் தலைமுறைகளாக ரேஷன் வாங்குகிறவர்களுக்கு அந்தக் கேள்வியே சற்று வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் கடை நடத்துவது வேறு, மானியம் தருவது வேறு. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் விலை எங்கே குறைகிறது என்பது விளங்கும்.

மளிகை வியாபாரத்தில் லாபம் மிகக் குறைவு. பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளுக்கே எல்லாச் செலவும் போக, நூறு ரூபாய் விற்பனையில் இரண்டு மூன்று ரூபாய்தான் மிஞ்சும். எனவே லாபமே வேண்டாம் என்று அரசு கடை திறந்தாலும், 150 ரூபாய்ப் பருப்பு 145 ரூபாய்க்கு இறங்கலாம், அவ்வளவுதான். ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைப்பது, தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் டெண்டர் விட்டு வாங்கும் விலைக்கும் நாம் கொடுக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத்தை மாநில அரசு ஏற்பதால்தான்.

அந்த வித்தியாசமே சிக்கலுக்கும் காரணம். மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் ஓடுவதுபோல, விலை குறைந்த இடத்துச் சரக்கு விலை கூடிய இடத்துக்கு நகரும். 2011 ஜூன் முதல் விலையில்லாமல் தரப்படும் அரிசி, கும்மிடிப்பூண்டி மார்க்க ரயில்களில் இருக்கைக்கு அடியில் சிறு சிறு மூட்டைகளாக ஆந்திரத்துக்குப் போவதும், அதிகாரிகள் பிடிப்பதும் வடசென்னைக்குப் பழகிய செய்தி. ஸ்மார்ட் கார்டு, கைரேகை, வாங்கியதும் செல்போனுக்கு வரும் குறுஞ்செய்தி ஆகிய கட்டுக்காவல் அனைத்தும் மானியத்தோடு சேர்ந்தே வரும் செலவுகள். வெளிச்சந்தை விலைக்கு விற்கும் கடைக்கு இவற்றில் எதுவும் தேவையில்லை.

அதற்காகக் கடைகளால் பயனில்லை என்று சொல்லிவிட முடியாது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, சென்னை ரேஷன் கடைகள் சிலவற்றில் 60 ரூபாய்க்கு விற்க முடிந்ததற்குக் காரணம், கடையும் தராசும் ஆளும் தெருமுனையில் ஏற்கெனவே இருந்ததுதான்.

மானியமே இல்லாத சோப்பையும் டீத்தூளையும் பருப்போடு சேர்த்து வாங்கச் சொல்லி வற்புறுத்துவதுதான் எனக்குப் புரியாத வேலை. அவை அண்ணாச்சி கடையில் ஏறக்குறைய அதே விலைக்குக் கிடைக்கும், நோட்டில் எழுதிக் கடனாகவும் கிடைக்கும். அவற்றை அடுக்கி வைக்கும் பாட்டைவிட, மாதக் கடைசியில் வருகிறவருக்கும் பாமாயில் இருப்பு இருக்கும்படி பார்த்துக்கொள்வது மேல்.