பூசணத்தைக் கிள்ளிப் போட்டால் பிரெட் சுத்தமாகிவிடாது

மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு வீட்டிலேயே பிரெட் செய்யக் கற்றுக்கொடுக்கிறேன். இந்த வாரமும் ஒரு போன். "மேடம், ஓரத்துல லேசா பச்சையா இருந்துச்சு. கிள்ளிப் போட்டுட்டு பிள்ளைக்கு டோஸ்ட் பண்ணிக் கொடுத்தேன். நம்ம செஞ்சதுதானே, ஒண்ணும் பண்ணாதுல்ல?" வகுப்புக்கு வகுப்பு சொல்லியும் இந்தக் கேள்வி ஓயவில்லை.

வீட்டில் செய்தது கெடுதல் செய்யாது என்ற நினைப்பை முதலில் விடுங்கள். கடை பிரெட்டில் பெரும்பாலும் கால்சியம் புரோபியோனேட் இருக்கும். பூசணத்தைத் தள்ளிப்போடுவது அதுதான். நாம் அதைச் சேர்ப்பதில்லை. அதனால் நம்முடையதுதான் சீக்கிரம் கெடும். மழைக்காலத்தில் இரண்டு நாள் தாண்டினாலே பெரிது. பச்சையாகக் கண்ணில் படுவது பூஞ்சையின் வித்துகள். இழைகள் அதற்கு முன்பே பிரெட்டின் துளைகள் வழியாக உள்ளே ஓடியிருக்கும். எவ்வளவு கிள்ளுவீர்கள்? சில பூஞ்சைகள் விடும் நச்சு டோஸ்ட் சூட்டிலும் அழியாது. முகர்ந்துகூடப் பார்க்காமல் முழுவதையும் கவரோடு கட்டிக் குப்பையில் போடுங்கள். மாட்டுக்கும் கோழிக்கும் வேண்டாம்.

பூசணமே இல்லாமலும் கெடும். வெளியே பொன்னிறமாக இருக்கும். பிய்த்தால் நடுவில் பிசுபிசுத்து நூல் விடும், கனிந்து அழுகிய பழ வாடை அடிக்கும். இது பேசில்லஸ் பாக்டீரியாவின் வேலை. ஓடிஜி மின் அடுப்பில் 200 டிகிரி வைத்தாலும் பிரெட்டின் நடுப்பகுதி 100 டிகிரியைத் தாண்டாது. இதன் வித்துகள் அந்தச் சூட்டைத் தாங்கிவிடும். கோடையில்தான் தொல்லை அதிகம். ஒருமுறை வந்துவிட்டால் டின், கத்தி, மேடை எல்லாவற்றையும் கழுவி, வினிகரால் துடைத்த பிறகே அடுத்த மாவைப் பிசையுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் நான் கிலோ மாவுக்கு ஒரு மேசைக்கரண்டி வினிகரைப் பிசையும்போதே சேர்த்துவிடுவேன். புளிப்பு தெரியாது.

வெந்ததும் டின்னிலிருந்து எடுத்துக் கம்பி ஸ்டாண்டில் வையுங்கள். இரண்டு மூன்று மணி நேரம் ஆறட்டும். அடியைத் தொட்டால் சூடே தெரியக்கூடாது. ஆர்டர் அவசரம் என்று சூட்டோடு கவரில் கட்டினால் உள்ளே முத்து முத்தாக வேர்க்கும், பூசணத்துக்கு அது போதும். ஃபிரிட்ஜில் வைத்தால் விறைத்துப் போகும். ஸ்லைஸ் போட்டு ஃபிரீசரில் வையுங்கள்.

விற்கிறவர்கள் கவரில் செய்த தேதியை எழுதுங்கள். மிஞ்சியதை மறுநாள் காலையிலேயே ரஸ்க் போட்டுவிடுங்கள். அதற்குப் புதுத் தேதி ஒட்டி பிரெட்டாக மட்டும் கொடுக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.