ஹைபாக்சியா: மூச்சுத்திணறல் அன்று, உயிர்வளிக்குறை

உடலின் திசுக்கள் தம் வேலையைச் செய்வதற்குத் தேவையான அளவு ஆக்சிஜன் அவற்றுக்குக் கிடைக்காமல் போகும் நிலையை மருத்துவர்கள் ஹைபாக்சியா என்கிறார்கள். தமிழில் இதை மூச்சுத்திணறல் என்று எழுதிவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அது பிழை என்பதை நான் அகராதி பார்த்து அறியவில்லை, நானே அவ்வாறு எழுதிப் பட்டு அறிந்தேன்.

2021ஆம் ஆண்டில், மூணாற்றுப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் தமிழ்த் தொழிலாளர்களுக்காக ஒரு மருத்துவமனை மலையாளத்தில் அச்சிட்டிருந்த ஒரு பக்க அறிவிப்பைத் தமிழாக்கும் வேலை எனக்கு வந்தது. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் தாமதிக்காமல் வரவேண்டும் என்பது மூலத்தில் இருந்த செய்தி. எளிமையாக இருக்கட்டும் என்று நான் அதை 'மூச்சுத்திணறல் இருந்தால் உடனே வரவும்' என்று மாற்றினேன். எங்கள் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு) இரண்டு லயம் தள்ளி வசித்த, தேயிலை ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் காய்ச்சலோடு மூன்று நாள் வீட்டிலேயே இருந்தார். நான்காம் நாள் அழைத்துச் சென்றபோது, மலையாளியான செவிலியர் "சுவாசமுட்டு உண்டோ?" என்று கேட்டதற்கு, "இல்ல சிஸ்டர், நல்லாத்தான் இருக்கேன்" என்று அவர் தெளிவாகவே விடை சொன்னார். விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் (இரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவி) 83 விழுக்காடு என்று காட்டியது; 94க்குக் கீழே போனாலே உடனே வரவேண்டும். அவர் பிழைத்துக்கொண்டார். ஏன் முன்னமே வரவில்லை என்று கேட்டதற்கு, மூச்சுத்திணறல் இருந்தால்தானே வரச் சொல்லியிருந்தது என்று அவர் என் தாளைத்தான் காட்டினார்.

சொல்லின் பிறப்பைப் பார்த்தால் இந்தப் பிழைக்கு அங்கே இடமே இல்லை. கிரேக்க மொழியில் 'ஹைப்போ' என்பது கீழ், குறைவு என்னும் பொருள் தரும் முன்னொட்டு. கடைசியில் நிற்கும் 'இயா' ஒரு நிலையைக் குறிக்கும் ஈறு. நடுவில் உள்ள 'ஆக்ஸ்' ஆக்சிஜனின் சுருக்கம். அந்த ஆக்சிஜன் என்னும் பெயரே ஒரு தவறான கருத்தின்மேல் கட்டப்பட்டது என்பது சுவையான செய்தி. 1770களில் ஷீலேயும் பிரீஸ்ட்லியும் தனித்தனியே கண்டறிந்த அந்த வளிக்குப் பெயர் சூட்டிய பிரெஞ்சு வேதியியலார் லவாய்சியர், எல்லா அமிலங்களையும் அதுவே உண்டாக்குகிறது என்று நம்பியதால், கிரேக்கத்தில் புளிப்பு, கூர்மை என்று பொருள்படும் 'ஆக்சிஸ்' என்பதோடு 'பிறப்பிப்பது' என்பதைச் சேர்த்துப் பெயர் அமைத்தார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே இல்லை என்பதைப் பின்னர் ஹம்ப்ரி டேவி காட்டினார். அதற்குள் பெயர் நிலைத்துவிட்டது. ஆகவே ஹைபாக்சியா என்பதை எழுத்துக்கு எழுத்து பெயர்த்தால் 'புளிப்புக் குறைவு' என்று வரும். ஆனால் ஆக்சிஜன் கிடைக்காத தசை, சர்க்கரையை ஆக்சிஜனின் துணையின்றியே எரிக்க முயன்று லாக்டிக் அமிலத்தைச் சேர்த்துக்கொள்வதால், உண்மையில் புளிப்பு கூடத்தான் செய்கிறது.

இதனோடு குழப்பிக்கொள்ளப்படும் சொற்கள் சில உண்டு. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைவது ஹைபாக்சீமியா. 'ஹைமா' என்றால் கிரேக்கத்தில் குருதி. அறவே இல்லாமை அனாக்சியா. அஸ்பிக்சியா என்பது மூச்சு அடைபட்ட நிலையைக் குறித்தாலும், பிறப்பில் அதற்கு 'நாடி இல்லாமை' என்றே பொருள். ஹைப்பராக்சியா என்றால் மிகை. ஹைப்போவும் ஹைப்பரும் காதுக்கு ஒன்றுபோல ஒலிப்பதே தமிழில் தனிச்சொல் வேண்டும் என்பதற்குப் போதிய காரணம்.

மூச்சுத்திணறல், இளைப்பு, மேல்மூச்சு, மூச்சிரைப்பு ஆகியவை அனைத்தும் உணர்வையோ ஓசையையோ சுட்டும் பெயர்கள். கடலின் இரைச்சலில் உள்ள 'இரை' என்பதே மூச்சிரைப்பிலும் இருக்கிறது. 'இளை' என்பது மெலிதல், களைத்தல் என்னும் பொருளிலிருந்து மூச்சு வாங்குவதற்கு வந்து சேர்ந்தது. அந்த இளைப்பு ஆறுவதைத்தான் இளைப்பாறுதல் என்கிறோம். மலையாளத்தார் சொல்லும் சுவாசமுட்டில் உள்ள 'முட்டு' நம் மூச்சுமுட்டலில் உள்ள அதே முட்டு. இவை நல்ல சொற்கள், ஆனால் நோயாளி தாமே உணர்ந்து சொல்லக்கூடியவற்றை மட்டுமே குறிப்பவை. ஹைபாக்சியாவோ அவர் உணர்ந்தாலும் உணராவிட்டாலும் திசுவில் நிகழ்வது.

உணராமல் போவது எப்படி என்றால், மூச்சு முட்டுகிறது என்னும் தவிப்பைப் பெரும்பாலும் எழுப்புவது ஆக்சிஜன் குறைவு அன்று, கரியமில வாயு இரத்தத்தில் தேங்குவதே. மூளைத்தண்டு அந்தத் தேக்கத்தைச் சிறிதளவிலேயே கண்டுகொள்கிறது. ஆக்சிஜனைக் கண்காணிப்பது கழுத்துத் தமனி இரண்டாகக் கிளைக்கும் இடத்தில் பக்கத்துக்கு ஒன்றாக உள்ள, அரிசி மணியளவே ஆன கரோட்டிட் உறுப்பு. இதன் செயலை விளக்கியதற்காகவே பெல்ஜியத்தின் ஹேமன்ஸுக்கு 1938ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இந்த உறுப்பு தமனி இரத்தத்தில் ஆக்சிஜனின் அழுத்தம் ஏறத்தாழ 60 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் உரக்கக் குரல் கொடுக்கிறது. அப்போது மூச்சு ஆழமாகிறது, நாடி விரைகிறது. ஆழ்ந்த மூச்சில் கரியமில வாயு வெளியேறிவிடுவதால் தவிப்பு எழ வேண்டிய காரணமும் கூடவே வெளியேறிவிடுகிறது. மூணாற்றுப் பெரியவர் நல்லாத்தான் இருப்பதாகச் சொன்னது பொய்யன்று.

இதற்கு வரலாற்றில் உள்ள கொடிய சான்று 1875 ஏப்ரல் 15ஆம் நாள் பாரிசிலிருந்து எழும்பிய செனித் என்னும் பலூன். 8,000 மீட்டருக்கும் மேலே சென்ற அதில் இருந்த மூவரில் சிவெலும் குரோசே-ஸ்பினெல்லியும் இறந்தார்கள், திஸ்ஸாந்தியே மட்டும் உயிரோடு தரையிறங்கினார். ஆக்சிஜன் நிரப்பிய பைகள் அவர்களிடம் இருந்தன, ஆனால் எடுக்க வேண்டும் என்று தோன்றியபோது கையைத் தூக்கும் வலு இல்லை. உடலும் மனமும் சிறிது சிறிதாகத் தளர்ந்தபோதும் துன்பம் தெரியவில்லை, உள்ளே ஒரு மகிழ்ச்சிகூட இருந்தது என்று பிழைத்தவர் எழுதிவைத்தார். உடல் எடையில் 2 விழுக்காடே உள்ள மூளை, ஓய்வில் உடல் செலவிடும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. ஆகவே குறை வந்ததும் முதலில் கெடுவது அந்தக் குறையை அறிய வேண்டிய அறிவேதான்.

மலையேற்றத்தைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். போடியிலிருந்து வேனில் ஏறி வருகிறவர்கள் கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தியெடுத்துவிட்டு, மேலே காற்றில் ஆக்சிஜன் இல்லை என்கிறார்கள். அது வளைவின் குற்றம். மூணாறு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம்தான், மலைநோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேலேதான் தலைகாட்டும். காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கும் 21 விழுக்காடே, குறைவது அழுத்தம். கடல்மட்டத்தில் 760 மில்லிமீட்டர் பாதரசமாக இருக்கும் காற்றழுத்தம் 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியின் உச்சியில் ஏறத்தாழ 550 ஆகிறது. அந்த அழுத்தத்தில் ஆக்சிஜனுக்கு உரியது கீழே 160ஆக இருந்தது 115ஆகிவிடுகிறது. அத்தகைய உயரத்திலேயே தங்கிவிடுகிறவர்களுக்குச் சிறுநீரகம் எரித்ரோபாய்டின் என்னும் இயக்குநீரைச் சுரக்கிறது. அதைக் கேட்டு எலும்பு மஜ்ஜை சிவப்பணுக்களைப் பெருக்குகிறது. சுரப்பு சில மணி நேரத்தில் தொடங்கினாலும் அணுக்கள் பெருகி வர வாரங்கள் ஆகும். ஆக்சிஜன் குறைந்ததைச் செல் எவ்வாறு அறிந்து இந்த ஏற்பாட்டைத் தொடங்குகிறது என்பதைக் கண்டறிந்த கேலின், ராட்கிளிஃப், செமென்சா ஆகிய மூவர் 2019இல் நோபல் பரிசு பெற்றார்கள். நுரையீரல் மட்டும் தனிவழி செல்கிறது. மற்ற உறுப்புகளில் குறை வந்தால் இரத்தக் குழாய்கள் விரிய, நுரையீரலில் அவை சுருங்கிக் காற்று வராத மூலையை விட்டு விலகுகின்றன.

ஆக்சிஜன் காற்றில் குறைவதால் மட்டுமே இந்நிலை வருவதில்லை. இரத்தசோகையில் சுமந்து செல்லும் ஹீமோகுளோபின் குறைவு, இதயம் தளர்ந்தால் ஓட்டம் குறைவு. சயனைடு நஞ்சில் ஆக்சிஜன் வந்து சேர்ந்தும் செல்லால் அதைப் பயன்படுத்த முடிவதில்லை. கப்பக் கிழங்கை (மரவள்ளியை) வேகவைத்த தண்ணீரை இந்தப் பக்கத்துப் பெண்கள் கொட்டிவிடுவது கிழங்கிலுள்ள அந்த நஞ்சைப் போக்கத்தான். சனவரிக் குளிரில் கதவை அடைத்துக்கொண்டு கரியடுப்பை மூட்டித் தூங்குகிறவர்களுக்கு வரும் ஆபத்து இவற்றினும் வஞ்சகமானது. கரி அரைகுறையாக எரியும்போது எழும் கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. மூச்சு முட்டாது, உடல் நீலம் பாரிக்காது, விரலில் மாட்டும் சாதாரண ஆக்சிமீட்டரும் எல்லாம் சரியென்றே காட்டும்.

இவ்வளவையும் தாங்கும் தமிழ்ச்சொல் எது? 'ஆக்சிஜன் குறைபாடு' என்பது செய்தித்தாள் வழக்கு, யாருக்கும் புரியும். ஆயினும் குறைபாடு என்றதும் இரும்புச்சத்துக் குறைபாடுபோல நெடுநாள் ஊட்டக்குறை என்னும் எண்ணம் எழுகிறது. நிமிடங்களில் வந்து நிமிடங்களில் கொல்வதற்கு அது பொருந்தவில்லை என்பது என் கருத்து. பிராணவாயு என்பது மலையாளம், தெலுங்கு, தமிழ் மூன்றுக்கும் பொது, எல்லையோரத்தில் அது ஒரு வசதி. இலங்கையர் ஒட்சிசன் என்பர். நான் தேர்வது உயிர்வளி. தமிழில் உயிர்த்தல் என்றால் வாழ்தல் மட்டுமன்று, மூச்சுவிடுதலுமாகும். வளி பழஞ்சொல். திருக்குறளின் மருந்து அதிகாரம் வளி முதலிய மூன்றும் மிகினும் குறையினும் நோய் செய்யும் என்கிறது. அங்கே வளி வாதத்தைக் குறித்தாலும், மிகை, குறை என்னும் இரட்டை நமக்கு அப்படியே உதவுகிறது. ஹைபாக்சியா உயிர்வளிக்குறை, ஹைப்பராக்சியா உயிர்வளிமிகை, ஹைபாக்சீமியா குருதி உயிர்வளிக்குறை, அனாக்சியா உயிர்வளியின்மை.

மருத்துவமனைத் தாளில் இந்தச் சொல்லைத் தனியே விட்டால் லயத்தில் எவருக்கும் விளங்காது என்பதும் எனக்குத் தெரியும். மறு அச்சில் நான் எழுதியது இது: 'மூச்சு முட்டாவிட்டாலும் இரத்தத்தில் உயிர்வளி (ஆக்சிஜன்) குறைந்திருக்கலாம். விரலில் மாட்டும் கருவி 94க்குக் கீழே காட்டினாலோ, உதடும் நாக்கும் நீலம் பாரித்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே வாருங்கள்.' பெரியவர் அதை வாங்கிப் படித்துவிட்டு, 'முட்டாவிட்டாலும்' என்பதன் கீழே பேனாவால் ஒரு கோடு இழுத்துத் தந்தார். அச்சகத்தில் அந்தச் சொல்லைத் தடித்த எழுத்தில் போடச் சொன்னேன்.